சீல் உடைச்ச பெட்டி

வேணாம் தம்பி, மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். எனக்கொண்ணும் பாரம் இல்ல. உங்க பையை வேணும்னா மேல போட்டுக்கங்க, இது என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்.

மேல வச்சுட்டு அசந்து தூங்கி, விக்கிரவாண்டி டோல்கேட்ல முழிச்சுப் பாத்து, "ஐயையோ என் பை"ன்னு அலறுனவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? இந்த ரோட்டுலதான் என் பொழப்பே ஓடுச்சு. கலியபெருமாள்னு பேரு. கண்டக்டரா சேந்து, செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவன். அதோ, டிக்கெட் குடுத்துட்டு என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறானே கண்டக்டர், அவனுக்கு என்னைத் தெரியும். நான் ரிட்டயர் ஆனதும் தெரியும். இருந்தும் பையில இருக்கிற சில்லறையை எண்ணிப் பாத்துக்குறான். மடியில கனம் இல்லேன்னா வழியில எதுக்குத் தம்பி பயம்?

நீங்க எங்க இறங்கணும்? திருச்சியா. நான் பெரம்பலூர். என்னது, வாரா வாரம் மெட்ராஸ் போயிட்டு வர்றீங்களா? வாரா வாரமா? அப்படி என்ன வேலை? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. சும்மா கேட்டேன்.

இதுவா? ஸ்வீட் பாக்ஸ் இல்ல. கம்ப்யூட்டர் சாமான். ஒரு மதர்போர்டு, ஒரு பிராசஸர். மீதியெல்லாம் வீட்டுல பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். என் பொண்ணு எங்க கூட வீட்டுல இருக்கிறதும் இல்லாததும் இந்தப் பெட்டியிலதான் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நம்ப மாட்டீங்க. கேளுங்க, உளுந்தூர்பேட்டை வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன்.

அபிநயான்னு ஒரே பொண்ணு எங்களுக்கு. டிவியில பிள்ளைங்க பாக்குமே பொம்மைப் படம், யானை பேசும், ரயிலு சிரிக்கும், அதைச் செய்யுற படிப்பு படிச்சா. அதுக்கெல்லாம் ஒரு படிப்பு இருக்குங்கிறதே அவ சேந்தப்புறம்தான் எனக்குத் தெரியும். படிச்சு முடிச்ச கையோட மெட்ராஸ்ல ஒரு கம்பெனில வேலை கெடச்சுது. அவங்க என்ன சொன்னாங்கன்னா, உன்கிட்ட வேலைக்கேத்த கம்ப்யூட்டர் இருந்தா உன் வீட்டுலயே உக்காந்து செய், இல்லேன்னா மெட்ராஸ் வந்து ஆபீஸ்ல இருக்கிறதுல செய். ஆடி முடியறதுக்குள்ள எதுன்னு சொல்லிடுன்னுட்டாங்க.

நீங்களா இருந்தா எதைச் சொல்வீங்க? எங்களுக்கு அவளை விட்டா யாரு? காலையில எனக்கு முன்னாடியே பேப்பரை எடுத்துக் கொலைச் செய்தியெல்லாம் படிச்சிடுவா. அப்புறம் பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டு, "அப்பா, கொன்னது மச்சானா, பங்காளியா? பந்தயம்"பா. நான் எப்பவும் பங்காளிம்பேன். அவ கெக்கெக்கேன்னு சிரிப்பா. அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல நானும் என் சம்சாரம் மலர்க்கொடியும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? "நீ எங்கயும் போக வேணாம்டா, கம்ப்யூட்டர் நான் வாங்கித் தர்றேன்"னுட்டேன். யோசிக்கவே இல்ல தம்பி. யோசிக்காம நான் பேசுனது அது ஒண்ணுதான்.

அறுபதாயிரம் தர்றேன்னேன். அதுக்கு மேல என்னால ஆகாது. எங்க ஊருக் கடையில போயி விசாரிச்சா, அந்த வேலைக்கு ஏத்த ரெடிமேட் மெஷின் அதுல ரெண்டு பங்கு சொல்றான். நான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வர்றேன், இவ சிரிக்கிறா. "ரெடிமேட் வேணாம்பா. ஒவ்வொண்ணா நானே பாத்து வாங்கி நானே மாட்டுறேன். உங்க அறுபதாயிரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுறேன் பாருங்க"ங்கிறா.

அங்கதான் இடிக்குது. பாதிக் காசுக்கு அதே சரக்கு எவன் தருவான்? அவங்கப்பன் வீட்டுச் சொத்தா?

ஆனா சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டா. எனக்குப் புரியணும்னு பஸ் கணக்குலயே சொல்வா. "பிராசஸர்தான்பா இன்ஜின். மதர்போர்டு சேஸிஸ். இந்த இன்ஜின் இந்தச் சேஸிஸ்லதான் உக்காரும், வேறதுல உக்காராது. வெளிப்பெட்டி எப்படி இருந்தா என்ன, கலர் லைட்டு எரியுறதெல்லாம் நமக்கு வேணாம், அந்தக் காசை மெமரியில போடலாம். பவர் சப்ளையில மட்டும் மிச்சம் புடிக்கக் கூடாது, அது பொசுங்குனா எல்லாத்தையும் சேத்துக்கிட்டுப் பொசுங்கும்." ஒண்ணை அடிப்பா, இன்னொண்ணை எழுதுவா. மாப்பிள்ளை ஜாதகம் பாக்குற மாதிரி இதுக்கு அது பொருந்துதா, அதுக்கு இது பொருந்துதான்னு பாத்துப் பாத்து எழுதி, கடைசியில பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சா. அவங்கம்மா பால் எடுக்கப் போறப்பெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிடாத குறை.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"ன்னு கேட்டேன். "நானே தேடிப் படிச்சேன். பிரேம்நாத் அண்ணா ஒரு தடவை சரி பாத்தாரு. எல்லாம் கரெக்ட்டுன்னுட்டாரு"ன்னா.

யாரு இந்தப் பிரேம்நாத்து? அதே கம்பெனில சீனியராம். அண்ணனாம்ல. பஸ்ஸுல "அண்ணன் டிக்கெட் எடுப்பாரு"ன்னு பின்னாடி கையைக் காட்டுன எத்தனை தங்கச்சிகளை நான் புடிச்சிருக்கேன்! பின்னாடி போயிக் கேட்டா, "எந்தத் தங்கச்சி சார்?"ம்பான் அந்த அண்ணன். நம்பரை வாங்கி நானே போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசுனான். மரியாதையாப் பேசுறவன்கிட்டதான் தம்பி கவனமா இருக்கணும்.

"சார், மெட்ராஸ் ரிச்சி தெருவுல எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் கடை இருக்கு. எல்லாத்தையும் ஒரே கடையிலயே வாங்கிடுங்க. எதாவது பொருந்தலேன்னா அவரே மாத்திக் குடுப்பாரு. சனிக்கிழமை அபிநயாவைக் கூட்டிட்டு வாங்க, நானும் வந்துடுறேன்"ங்கிறான்.

"உனக்கு எவ்வளவுப்பா வேணும்?"

"எனக்கெதுக்கு சார்? ஒண்ணும் வேணாம்."

இடிக்குதா இல்லையா? ஒரே கடை. அதுவும் இவன் காட்டுற கடை. நாளையும் இவனே குறிக்கிறான், கூட நிக்கவும் வர்றான், காசு மட்டும் வேணாமாம். இதுக்கு மேலயும் நான் வாயில விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, இத்தனை வருசம் போட்ட காக்கிக்கு என்ன மரியாதை?

என் சர்வீஸ்ல நான் ரெண்டு விசயம் கத்துக்கிட்டேன். ஒண்ணு, சொல்லிட்டுப் போகக் கூடாது. எந்த ஸ்டாப்புல நிறுத்தி ஏறப் போறேன்னு ஜீப்பு டிரைவருக்கே சொல்ல மாட்டேன். "எடு"ம்பேன், "நிறுத்து"ம்பேன், அவ்வளவுதான். ரெண்டாவது, நாலு பேரு ஒரே மாதிரி பேசுறானுங்கன்னா, நடுவுல எதையாவது ஒண்ணை நாம மாத்திப் பாக்கணும். எவன் துள்ளுறானோ அவன்தான் களவாணி. இது இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தப்புனதே இல்ல.

சனிக்கிழமைதானே சொன்னானுங்க? நான் வியாழக்கிழமையே கெளம்பிட்டேன். மலர்க்கொடிகிட்ட பென்சன் ஆபீசுக்குப் போறேன்னேன். பிரிட்ஜ் கதவுல இருந்ததைப் போன்ல படம் புடிச்சுக்கிட்டேன். அபிநயா அசந்து தூங்கிட்டிருந்தா. சத்தம் காட்டாம கதவைச் சாத்திட்டு வந்தேன். ஒரு பக்கம் எனக்கே சந்தோசம் பாருங்க, சாயந்தரம் எல்லாத்தையும் கொண்டாந்து இறக்குனா எப்படிக் குதிக்கப் போறான்னு.

நேரா அந்தப் பிரேம்நாத்து சொன்ன கடைக்குத்தான் மொதல்ல போனேன். நான் யாருன்னு சொல்லல. ஒவ்வொண்ணா ரேட்டு கேட்டேன். தம்பி, அபிநயா என்ன ரேட்டு எழுதி வச்சிருந்தாளோ அதே ரேட்டு! ரூபா மாறல! எப்படி மாறாம இருக்கும்? ஊருல தக்காளி வெலையே காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு. பேசி வச்சிருக்கானுங்க. அந்தக் கடைக்காரர் வேற, குண்டா, நெத்தி நெறைய விபூதியோட, "உக்காருங்க சார், டீ சொல்லட்டுமா?"ங்கிறார். எதுக்கு டீ? எழுந்திரிச்சு வந்துட்டேன்.

அப்புறம் முடிவு பண்ணேன், ஒரு கடைக்கு ஒரு சாமான்தான். மெமரி ஒருத்தன்கிட்ட, பிராசஸர் ஒருத்தன்கிட்ட, பவர் சப்ளை அடுத்த சந்துல. ஒருத்தன்கிட்ட வாங்குனதை இன்னொருத்தன்கிட்ட மூச்சு விடக் கூடாது. முழு விசயமும் ஒருத்தனுக்குத் தெரிஞ்சாத்தானே ஏமாத்துவான்? எவனுக்குமே தெரியலேன்னா எப்படி ஏமாத்துவான்? சொல்லுங்க.

அதோட எல்லாப் பெட்டியையும் அங்கயே சீலை உடைச்சுக் காட்டச் சொன்னேன். "சார், சீல் உடைச்சா அப்புறம் ரிட்டன் எடுக்க மாட்டோம்"ங்கிறான். ஒரு கடை இல்ல, எல்லாக் கடையிலயும் அதே பாட்டு! அப்பத்தான் எனக்குச் சந்தேகம் கூடுச்சு. உள்ள செங்கல்லை வச்சுக் குடுத்தா நான் பெரம்பலூர்ல போயி யாரைக் கேக்குறது? "உடைய்யா"ன்னேன். உடைச்சாங்க. சாமான் இருந்துச்சு. என் முன்னாடி உடைச்சா இல்லாம எங்க போவும்?

கடைசியா மதர்போர்டு. எல்லாத்தையும் அவ எழுதுனபடியே வாங்கிட்டேன், இது ஒண்ணை மட்டும் மாத்துவோம்னு தோணுச்சு. சொன்னேன்ல, ஒண்ணை மாத்திப் பாக்கணும். அவ எழுதுன கம்பெனி போர்டைக் கேக்காம, பக்கத்துல அதே வெலையில இருந்த வேற ஒண்ணைக் காட்டி, "இதைக் குடு"ன்னேன். அந்தக் கடைக்காரன், "என்ன பிராசஸர் சார் வச்சிருக்கீங்க?"ன்னான்.

"எதுக்குக் கேக்குற?"

"சொன்னாத்தான் சார் இது ஆகுமா ஆகாதான்னு சொல்ல முடியும்."

பாத்தீங்களா, எப்படித் தூண்டில் போடுறான்னு? நான் என்ன வச்சிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு, "ஐயையோ அது ஆகாது சார், அதையும் எங்கிட்டயே வாங்குங்க"ம்பான். என்கிட்டயா? "கேட்டதைக் குடுப்பா, என்கிட்ட என்ன இருந்தா உனக்கென்ன?"ன்னேன். "உங்க இஷ்டம் சார்"னு குடுத்துட்டான். பில்லு கேட்டு வாங்கிக்கிட்டேன். பில்லு இல்லாம நான் வாழைப்பழம்கூட வாங்க மாட்டேன்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து கூடத்துல வரிசையா அடுக்குனேன். அபிநயா வந்து நின்னா. குதிக்கல. ஒவ்வொரு பெட்டியா எடுத்துப் பாக்குறா, சீல் இருந்த இடத்தைத் தடவிப் பாக்குறா. இந்தப் பெட்டிகிட்ட வந்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா.

"அப்பா, இது நான் எழுதுன போர்டு இல்லையே."

"அதனால என்ன? இதுவும் போர்டுதானே? இதுவும் நல்ல கம்பெனின்னு போட்டிருக்கான்."

ரெண்டையும் எடுத்துத் திருப்பி என் மூஞ்சிக்கு நேரா காட்டுனா. பிராசஸர் அடியில பொடிப்பொடியா ஊசி, நூத்துக்கணக்குல. போர்டுல அது உக்கார வேண்டிய இடத்துலயும் பொடிப்பொடியா ஊசி. "நான் எழுதுன போர்டுல ஓட்டை இருக்கும்பா. ஊசி ஓட்டையில போயி உக்காரும். இங்கயும் ஊசி, அங்கயும் ஊசி. ஊசிமேல ஊசி எப்படிப்பா உக்காரும்?"ங்கிறா.

உண்மையைச் சொல்றேன் தம்பி, அந்த நிமிசம் எனக்குச் சொரேர்னு ஆச்சு. ஏன்னா துள்ளுனது அவ. மாத்துனது போர்டை, துள்ளுனது எம்பொண்ணு. அந்தப் பிரேம்நாத்துப் பய என் புள்ளையை எந்த அளவுக்குக் கைக்குள்ள போட்டு வச்சிருக்கான்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னா, "பரவால்லப்பா. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தப் போர்டு ஒண்ணை மட்டும் மாத்திட்டாப் போதும். சனிக்கிழமை போறப்ப அந்த அண்ணாகிட்டச் சொன்னா எப்படியாவது மாத்திக் குடுத்துடுவாரு."

சனிக்கிழமை! திரும்பவும் சனிக்கிழமை! சுத்திச் சுத்தி அதே நாளு, அதே ஆளு, அதே கடை! எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. "உக்காராதுன்னு யாரு சொன்னா? குடு இங்க"ன்னு வாங்கி, போர்டைத் தரையில வச்சு, பிராசஸரை அது மேல வச்சு, கட்டைவெரலால ஒரு அழுத்து அழுத்துனேன். பஸ்ஸுல எத்தனையோ ஜன்னலு இப்படித்தான் இறுகிக் கெடக்கும். ஒரு அழுத்து அழுத்துனா போய் உக்காந்துக்கும்.

கருக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.

அவ கத்தல. அழக்கூட இல்ல. ரெண்டையும் எடுத்துப் பெட்டியில வச்சு மூடிட்டு எழுந்து போயிட்டா. மறுநா காலையில பேப்பரை எடுக்கல. நான் எடுத்து வச்சுக்கிட்டு, "அபி, கொலைக் கேசு ஒண்ணு வந்திருக்கு, மச்சானா பங்காளியா?"ன்னேன். "தெரியலப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

சனிக்கிழமை யாரும் மெட்ராஸ் போகல, ஆடியும் முடிஞ்சுது. என் கையிலயும் அதுக்கு மேல காசு இல்ல. ஒரு நாளு சாயந்தரம் பாத்தா, ரெண்டு பெட்டி கட்டி வாசல்ல வச்சிருக்கு. அவங்கம்மாவுக்கு ஒரு வாரமாவே தெரியும், எனக்குத்தான் பஸ்ஸு வர்ற நேரத்துல சொல்றாங்க. "ஆபீஸ்லயே வந்து வேலை பாக்குறேன்னு சொல்லிட்டேன்பா. ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருச்சு"ன்னா. "ஏன்டா முன்னாடியே சொல்லல?"ன்னு நான் கேட்டா, மலர்க்கொடி குறுக்க பூந்து, "சொன்னா மட்டும்? சனிக்கிழமைன்னா நீங்க வியாழக்கிழமையே போய் நிப்பீங்க"ங்கிறா. முப்பது வருசம் குடித்தனம் பண்ணுனவ பேசுற பேச்சா இது?

நான் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. மொதல்லேர்ந்தே மெட்ராஸ் போறதுதான் திட்டமோ என்னவோ? கம்ப்யூட்டர், பிரிட்ஜ் கதவு, எல்லாம் சும்மா கண்கட்டு. என்ன, அப்படி இல்லேங்கிறீங்களா? நீங்க அவளைப் பாத்ததுகூட இல்ல, எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

சரி விடுங்க. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. சோறு எறங்கல. எப்ப வருவேன்னு போன்ல கேட்டா நாள் சொல்ல மாட்டேங்குறா. "வர்றப்ப வருவேன்பா"ங்கிறா. அதனால நான் என்ன பண்றேன், சாயந்தரமானா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுறேன். மெட்ராஸ்லேர்ந்து வண்டி வந்து நின்னா முன்பக்கம் ஏறி, ஒவ்வொரு சீட்டாப் பாத்துக்கிட்டே பின்பக்கம் இறங்கிடுவேன். ரிட்டயர் ஆனவன் அப்படி ஏறக் கூடாதுதான். கண்டக்டருங்க அலறிப் போயி டிக்கெட்டு மெஷினைத் தேடுறானுங்க. எனக்கு எதுக்குடா உன் மெஷினு? அவ ஜன்னலோரமாத்தான் உக்காருவா, நீல துப்பட்டா போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் தெரிஞ்சுடும்.

நேத்து வரைக்கும் பொறுத்துப் பாத்தேன். இன்னிக்குக் காலையில யாருக்கும் சொல்லாம கெளம்பி மெட்ராஸ் வந்துட்டேன். இந்தப் பெட்டியையும் எடுத்துக்கிட்டேன், அந்தப் போர்டு குடுத்தவன் சட்டையைப் புடிச்சு ரெண்டு கேள்வி கேக்கணும்னு. மொதல்ல அவ ஆபீசுக்குப் போனேன். ஏசி ரூம்பு, பெருசு பெருசா ஸ்கிரீன். அபிநயா ஓரத்துல உக்காந்து ஒரு கோழிக்குஞ்சுக்கு றெக்கை வரைஞ்சுக்கிட்டிருக்கா. இளைச்சிருக்கா. நான் அவளைக் கூப்புடல. பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட, "பிரேம்நாத்து சீட்டு எதும்மா?"ன்னேன்.

"அவரு இங்க இல்லையே அங்கிள். நாமக்கல்ல வீட்டுலேர்ந்துதான் வேலை பாக்குறாரு. அவங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு, கூட இருக்கணும்னு அவரே பார்ட்ஸ் வாங்கிக் கம்ப்யூட்டர் செஞ்சு வச்சுக்கிட்டாரு"ங்கிறா.

அப்பனைப் பாத்துக்கிறானாம். குடுத்து வச்ச அப்பன், அவ்வளவுதான் சொல்லுவேன். ஆனா தம்பி, நாமக்கல்ல இருக்கிறவன் அந்தச் சனிக்கிழமை படுத்த படுக்கையா இருக்கிற அப்பனை விட்டுட்டு அவ்வளவு தூரம் எதுக்கு வர்றேன்னான்? எனக்கு அது மட்டும் இன்னும் இடிக்குது.

அபிநயா என்னைப் பாத்துட்டு ஓடி வந்தா. திட்டுவான்னு நெனச்சேன், திட்டல. கீழ கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போயி சாப்பாடு வாங்கிக் குடுத்தா. என் எலையில அவ அப்பளத்தையும் எடுத்து வச்சா. இந்தப் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பாத்துட்டு மூடுனா. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அப்பா, கம்பெனில இன்னமும் அதேதான் சொல்றாங்க. மெஷின் ரெடியாச்சுன்னா அடுத்த வாரமே நான் வீட்டுக்கு வந்துடலாம். யார்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க. பிரேம்நாத் அண்ணா சொன்ன அந்தக் கடைக்கு மட்டும் போங்க. கடைக்கார அங்கிள் நல்லவரு, இந்த ரெண்டையும் அவருகிட்டக் குடுத்துட்டு வாங்க. எனக்காக, ஒரே ஒரு தடவை"ன்னா.

எனக்காகன்னு சொன்னா என்ன பண்றது? போனேன்.

அதே குண்டு ஆளு, அதே விபூதி. பெட்டியைத் திறந்து பாத்துட்டுச் சிரிக்கல, திட்டல. ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணுல மாட்டிக்கிட்டு ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "பிராசஸர் பொழச்சுக்கும் சார். வளைஞ்சிருக்கு, ஒடியல. ஒவ்வொரு ஊசியா நிமித்தணும். போர்டை நான் எடுத்துக்குறேன், கொறைச்சுத்தான் தர முடியும், சீலும் உடைஞ்சிருக்கு, இதுலயும் ஊசி நசுங்கியிருக்குல்ல. இதுக்குப் பொருத்தமான போர்டு தர்றேன். வச்சுட்டுப் போங்க, ஒரு வாரத்துல பொண்ணை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க"ன்னாரு. டீயும் வந்துச்சு. குடிச்சேன்.

வச்சுட்டுத்தான் வரலாம்னு பாத்தேன் தம்பி. சத்தியமா. பெட்டியை மேசையில வச்சு, கையை எடுத்துட்டேன். தெரு வரைக்கும் வந்துட்டேன். அங்க நின்னு யோசிச்சேன். நான் அந்தாளுகிட்ட ஒரு சாமான் வாங்கல. ஒரு தடவை மூஞ்சில அடிச்ச மாதிரி எழுந்து வந்திருக்கேன். எனக்கு எதுக்கு இவ்வளவு செய்யுறாரு? ஒரு வாரம் எதுக்கு? ஒரு வாரத்துல உள்ள இருக்கிறதை மாத்திட்டு வேற மட்டமான சரக்கை வச்சுட்டா எனக்கு அடையாளம் தெரியுமா? திரும்பிப் போயி, "குடுங்க, அப்புறம் வர்றேன்"னு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அந்தாளு பெட்டியை ஒரு துணியால தொடைச்சுக் குடுத்தாரு. அதுவும் எதுக்குன்னு தெரியல.

போன் அடிக்குது. ஆமா, என்னோடதுதான். அவதான். அபின்னு வருது பாருங்க. வேலை முடிஞ்சிருக்கும். குடுத்துட்டு வந்தீங்களாப்பான்னு கேப்பா. என்ன சொல்றது? அடிக்கட்டும். தானா நின்னுடும்.

நின்னுடுச்சு.

என்ன சொன்னீங்க? நீங்களா? திங்கக்கிழமை திரும்ப மெட்ராஸ் போறீங்க, நீங்களே கொண்டு போயிக் குடுத்துடுறீங்களா? அந்தக் கடை உங்க ஆபீசுக்குப் பக்கமா? அட. கார்டெல்லாம் எதுக்கு எடுக்குறீங்க? சரி, காட்டுங்க. போட்டோ உங்க மாதிரிதான் இருக்கு. போன் நம்பரும் தர்றீங்க. நல்ல மனசுதான். பொண்ணு அடுத்த வாரமே வந்துடுவாங்கிறீங்க. ஆமா, வந்துடுவா. அவ சொன்னா செய்வா. காலையில பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டு நிப்பா.

பெட்டியைப் புடிங்க. கெட்டியாப் புடிங்க, உள்ள ஊசி இருக்கு.

தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல உங்களுக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேணாமா? ஒண்ணுமேவா?

குடுங்க. குடுங்க தம்பி. வேணாம், மடியிலயே இருக்கட்டும். உங்களைச் சொல்லல. நீங்க நல்லவராத்தான் இருப்பீங்க.

திரும்பவும் அடிக்குது பாருங்க. நீங்க கண்டுக்காதீங்க.

பெரம்பலூர் வந்துடுச்சு, நான் எறங்கணும். அதோ, நமக்கு முன்னாடி ஒரு வண்டி நிக்குது பாருங்க, அதுவும் மெட்ராஸ்லேர்ந்து வந்ததுதான், போர்டு தெரியுது. ஏறி ஒரு பார்வை பாத்துட்டு வீட்டுக்குப் போறேன். தெரியும் தம்பி, அவ அங்கதான் இருக்கா, மத்தியானம்தானே பாத்துட்டு வந்தேன். இருந்தாலும் ஒரு தடவை பாத்துட்டாத்தான் மனசு அடங்கும். பெட்டியை விடுங்க, நானே தூக்கிக்குவேன்.